‘உத்தரவில்லை’ என்ற சொல்: பெண்களும் பிரசங்க பீடமும்

வாசகர் கேள்வி, 27 பிப்ரவரி 2024

‘சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்று பவுல் அப்போஸ்தலர் தெளிவாக எழுதியிருக்கிறார். பெண்கள் பிரசங்கிக்கலாம், சபையை நடத்தலாம் என்று வாதிடுகிறவர்கள் வேதத்தைத் தங்கள் வசதிக்கு வளைக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வேதத்தை நம்புகிற யாராவது வேதத்திலிருந்தே இதற்குப் பதில் சொல்ல முடியுமா?

28 பிப்ரவரி 2024

வேதத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் காட்டும் வசனம் 1 கொரிந்தியர் 14:34. அதே நிருபத்தில் மூன்று அதிகாரங்களுக்கு முன்னால், 11:5ல், ஒரு பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தன் தலையை மூடிக்கொள்ளவேண்டும் என்று பவுல் எழுதுகிறார். பெண் வாய் திறக்கவே கூடாது என்பது அவர் எண்ணமாக இருந்தால், வாய் திறக்கும்போது முக்காடு வேண்டும் என்று ஏன் சொல்லவேண்டும்? தீர்க்கதரிசனம் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் காரியமும் அன்று. அது சபையின் பக்திவிருத்திக்கானது என்று அந்த 14ஆம் அதிகாரமே கூறுகிறது. இந்த இரண்டு இடங்களையும் ஒருசேர வைத்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதும் வளைப்பதுதான்.

34, 35ஆம் வசனங்கள் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 40ஆம் வசனத்துக்குப் பின்னால் வருகின்றன. ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பு பின்னாளில் உள்ளே சேர்ந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். நான் அந்த வாதத்தின்மேல் வீடு கட்டப்போவதில்லை. வசனம் இருக்கிறபடியே இருக்கட்டும், 11:5ம் இருக்கிறபடியே இருக்கட்டும்.

என்னைப் பற்றி: எனக்கு 54 வயது. கோலாலம்பூரில் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் 30 வருடங்களாக இருக்கிறேன், அதில் 26 வருடம் ஞாயிறு பள்ளி ஆசிரியை. சபையின் பெயரை எழுதமாட்டேன். அங்கே இருப்பவர்கள் என் மக்கள்.

1 மார்ச் 2024, இரவு

இன்று மார்ச் மாதத்தின் முதல் வெள்ளி, உலக ஜெப நாள். இந்த வருட ஆராதனை முறையைப் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள் தயாரித்திருந்தார்கள். ‘அன்பினால் ஒருவரையொருவர் தாங்கி’ என்ற எபேசியர் வாக்கியத்தை ஒட்டியே அது அமைந்திருந்தது. வருடத்தில் இந்த ஒரு நாளில்தான் எங்கள் ஆலயத்தில் ஆராதனை முழுவதையும் பெண்கள் நடத்துவார்கள். செய்தியும் ஒரு பெண்தான் கொடுப்பார்.

ஆனால் எங்கே நின்று என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஆலயத்தில் பிரசங்க பீடத்துக்கு மூன்று படிகள் உண்டு. அவற்றின்மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கும். நடுப்படியில் அது தேய்ந்து நூல் தெரிகிறது. படிகளுக்குக் கீழே இடப்பக்கம் இரும்புத் தாங்கியில் இன்னொரு மைக் நிற்கும். அதைக் ‘கீழ் மைக்’ என்போம். பெண்கள் வேதபாடம் வாசிப்பதும், சாட்சி சொல்வதும், அறிவிப்புக் கொடுப்பதும், உலக ஜெப நாளில் செய்தி கொடுப்பதும் அங்கே நின்றுதான். அப்படி எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. நான் வந்த முதல் வருடமே யாரும் சொல்லாமல் எனக்கும் தெரிந்துவிட்டது.

நாளை சனிக்கிழமை. அந்தப் படிகளில் ஏறிக் கம்பளத்தைச் சுத்தம் செய்து, பீடத்தின் பக்கத்தில் பூ ஜாடி வைப்பது இந்த மாதம் என் முறை.

3 மார்ச் 2024

‘நடைமுறையில் பெண்களுக்கு எந்தக் குறையும் இல்லையே’ என்று ஒருவர் எழுதியிருப்பதால், இதுவரை எழுதத் தயங்கிய ஒன்றை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு காலை எங்கள் பாஸ்டருக்கு டிங்கிக் காய்ச்சல் என்று ஏழு மணிக்குச் செய்தி வந்தது. பதிலுக்கு வரக்கூடிய ஊழியக்காரர்கள் எல்லோரும் வேறு சபைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் சபையில் சிரம்பானில் இறையியல் படித்துப் பட்டம் பெற்ற ஒரு தங்கச்சி இருக்கிறாள். வழக்கம்போல் மூன்றாவது வரிசையில் தாயாருடன் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. மூப்பர்கள் கூடிப் பேசி, 22 வயதுத் தம்பி ஒருவனைப் படியேற்றினார்கள். அவன் கைத்தொலைபேசியில் இறக்கிவைத்திருந்த ஒரு பிரசங்கத்தை வாசித்தான். அவன் கை நடுங்கியது கடைசி வரிசைவரை தெரிந்திருக்கும். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஐந்து வயதிலிருந்து அவனுக்கு வேதக்கதை சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, கார் நிறுத்தும் இடத்தில் அவன் நேராக அந்தத் தங்கச்சியிடம் போய், தான் வாசித்ததில் ஒரு பகுதி தனக்கே புரியவில்லை என்று கேட்டான். ரோமர் 8. அவள் தன் வேதபுத்தகத்தைக் காரின் முன்பக்கத்தில் விரித்துவைத்து, வெயிலில் நின்றபடி அரை மணி நேரம் விளக்கினாள். ஒவ்வொருவராகச் சுற்றி நின்றார்கள். இரண்டு மூப்பர்களும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கேள்வியும் கேட்டார். அன்று எங்கள் சபைக்குக் கிடைத்த பிரசங்கம் அதுதான். அவள் சொன்னது ஆண்களுக்கு உபதேசம் இல்லை என்றால் வேறென்ன? அதைப் பாவம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. நாங்கள் காத்துவருவது வசனத்தையா, மூன்று படிகளையா என்று அன்றைக்குத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

5 மார்ச் 2024

அப்பொல்லோவுக்கு வேதத்தை விளக்கியவர்களைப் பற்றி வேறொருவருக்குப் பதில் எழுதியபோது, அப்போஸ்தலர் 18:26ல் பிரிஸ்கில்லாளின் பெயர்தான் முதலில் வருகிறது என்று எழுதிவிட்டேன். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்’ என்றே இருக்கிறது. மூல மொழியின் மிகப் பழைய பிரதிகளில்தான் மனைவியின் பெயர் முதலில் வருகிறது. தமிழில் அவள் பெயர் முன்னால் நிற்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் ரோமர் 16:3ஐப் பார்க்கவும். சுட்டிக்காட்டிய சகோதரருக்கு நன்றி. பெயர் எந்த வரிசையில் இருந்தாலும், வேதத்தில் வல்லவனான ஒரு ஆணுக்குத் திட்டமாய் விவரித்துக் காட்டியவர்களில் ஒரு பெண் இருந்தாள் என்பதில் மாற்றமில்லை.

9 மார்ச் 2024

1 தீமோத்தேயு 2:12ஐப் பற்றி நான் பேசவில்லை என்று ஒருவர் எழுதியிருப்பது உண்மை. பயந்துதான் தள்ளிவைத்தேன். ‘உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை.’ கொரிந்தியர் வசனத்தைவிட இது கடினமானது.

நேற்று இரவு அந்த அதிகாரத்தை முழுவதுமாக இரண்டு முறை வாசித்தேன். 8ஆம் வசனத்தில், புருஷர்கள் கோபமும் தர்க்கமுமில்லாமல் ஜெபிக்கவேண்டும் என்று இருக்கிறது. 9ஆம் வசனத்தில், பெண்கள் மயிரைப் பின்னுதலினாலும் பொன்னினாலும் முத்துக்களினாலும் தங்களை அலங்கரிக்கக்கூடாது என்று இருக்கிறது. கோபக்காரர் என்பதற்காக எங்கள் சபையில் எந்த ஆணையும் ஜெபம் நடத்தாமல் நிறுத்தியதில்லை. செயற்குழுக் கூட்டத்தில் மேசையைத் தட்டியவர் அடுத்த ஞாயிறு ஆரம்ப ஜெபம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண ஆராதனைக்கு நாங்கள் எல்லோரும் மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய நகைகளோடும் பின்னலில் மல்லிகையோடும்தான் வருகிறோம். அந்த இரண்டு வசனங்களும் ‘அந்தக் காலத்துச் சூழ்நிலைக்கு எழுதியது’ என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 12ஆம் வசனம் வந்ததும் அதே ஆட்கள் ‘எக்காலத்துக்கும் உரியது’ என்கிறார்கள். மூன்று வசனங்களுக்குள் இந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று எனக்கு யாராவது காட்டவேண்டும். பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் நகையே அணிவதில்லை. அவர்களோடு நான் ஒத்துப்போகாவிட்டாலும், அவர்கள் 9ஐயும் கைக்கொள்கிறார்கள் என்பதை மதிக்கிறேன்.

‘அதிகாரஞ்செலுத்த’ என்று மொழிபெயர்த்திருக்கும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. பவுல் வழக்கமாக அதிகாரத்துக்குப் பயன்படுத்தும் சொல் வேறு. ஒரே ஒரு முறை வரும் சொல்லை வைத்து, சபையில் பாதிப் பேருக்கு 2000 வருடத்துக்கு வாசலை அடைக்கத் துணிவு வேண்டும்.

ஆனாலும் 13ஆம் வசனம் எனக்கு இன்னும் முள்ளாகவே இருக்கிறது. ‘முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான், பின்பு ஏவாள்’ என்று பவுல் சிருஷ்டிப்பையே காரணமாகக் காட்டும்போது, இது தீமோத்தேயு இருந்த எபேசு சபைக்கு மட்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட என்னால் முடியவில்லை. 15ஆம் வசனம் பெண் பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள் என்கிறது. கல்யாணமாகாத சகோதரிகளிடமும் பிள்ளையில்லாதவர்களிடமும் அதை எழுத்துக்கு எழுத்து பிரசங்கிக்கிறவரை நான் பார்த்ததில்லை. எல்லோருமே இந்தப் பகுதியை விளக்கித்தான் வாசிக்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டால், அதன்பிறகு பொறுமையாக உட்கார்ந்து பேசலாம்.

10 மார்ச் 2024

‘சமையலும் ஞாயிறு பள்ளியும் கனமான ஊழியங்கள்தானே, ஏன் அவற்றை இழிவாகப் பேசுகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு: நான் இழிவாகப் பேசவில்லை. இன்று காலைகூட 150 பேருக்கு பீஹூன் என்ற அரிசிச் சேமியா கிளறிவிட்டுத்தான் ஆராதனைக்குள் போனேன். பசியாறாமல் வந்த பிள்ளைகள் அதைச் சாப்பிடும்போது எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் பொய்யானதன்று. ஆனால் மார்த்தாளின் வீட்டில், பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாளை ஆண்டவர் சமையலறைக்கு அனுப்பவில்லை. அவள் பங்கு ‘அவளை விட்டெடுபடாத நல்ல பங்கு’ என்றார். பாதத்தருகே உட்காருவது அக்காலத்தில் சீஷனின் இடம்.

ஞாயிறு பள்ளியைப் பற்றி ஒரு கணக்கு உங்களுக்குக் காட்டுகிறேன். ஒரு பையன் 14 வயதுவரை என் வகுப்பில் இருக்கிறான். அடுத்த ஜனவரியில் வாலிபர் வகுப்புக்குப் போகிறான். அங்கே பெண் ஆசிரியை கிடையாது. டிசம்பரில் நான் அவனுக்குச் சொன்னது கற்பித்தல், ஜனவரியில் அதையே சொன்னால் அது புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்துவது. அந்த ஒரு மாதத்தில் அவனுக்கு மீசைகூட முளைப்பதில்லை.

14 மார்ச் 2024

பெபேயாள். ரோமர் 16:1ல் அவள் ‘கெங்கிரேயா ஊர் சபைக்கு ஊழியக்காரி.’ அங்கே இருக்கும் கிரேக்கச் சொல்லையே பிலிப்பியர் 1:1லும் 1 தீமோத்தேயு 3:8லும் நம்முடைய மொழிபெயர்ப்பாளர்கள் ‘உதவிக்காரர்’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். அந்த இடங்களில் அது சபையின் ஒரு பொறுப்பைக் குறிக்கிறது. பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அதே சொல்தான், அங்கே ‘ஊழியக்காரன்.’

நாம் இன்று மேடையில் யாரை ‘தேவ ஊழியக்காரர்’ என்று அழைக்கிறோம்? மாலையும் சால்வையும் போட்டு வரவேற்கிறவர்களை. அதே சொல்லுக்குப் பெண்பால் விகுதி சேர்ந்தவுடன் நம் காதுக்கு அது வீட்டு வேலைக்காரி என்பதுபோல் கேட்கிறது. 26 வருடம் அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியும், போன மாதம்வரை எனக்கும் அப்படித்தான் கேட்டது. மொழிபெயர்ப்பில் குறை இல்லை, என் காதில்தான் இருந்தது.

அதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தில் வரும் யூனியா ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற’வர்களில் ஒருத்தி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரசங்கியார் கிறிசோஸ்தோம், பெண்களைப் பற்றிக் கடுமையாகவும் பேசியவர், இந்த வசனத்தை விளக்கும்போது அவளைப் பெண்ணென்றே கொண்டு, அப்போஸ்தலர் என்ற பெயருக்கே தகுதியானவள் என்று வியக்கிறார்.

பிலிப்பியர் 1:1ஐப் பார்த்தபோது, சபையை மேற்பார்ப்பவர்களைக் குறிக்கும் ‘கண்காணிகளுக்கும்’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன். தோட்டத்தில் கூலிகளை வேலைவாங்கிய கங்காணி யார் என்று மலேசியாவில் பிறந்த நமக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சொல்லோடு நமக்குத் தோட்டத்து அதிகாரமும் சேர்ந்து வந்திருக்கிறதோ, சபையின் மேய்ப்பரை நாம் பார்க்கும் விதத்திலும் அது ஒட்டியிருக்கிறதோ என்று யோசிக்கிறேன். இதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

17 மார்ச் 2024

‘இதெல்லாம் மேற்கத்தியப் பெண்ணியம், நமக்கு எதற்கு?’ என்று மூவர் எழுதியிருக்கிறார்கள்.

ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் பெண் ஆசியப் பெண். ஹாங்காங்கைச் சேர்ந்த லி டிம்-ஓய். ஜப்பானியர் காலத்தில் மக்காவ் சபைக்குத் திருவிருந்து கொடுக்கக் குருவானவர் யாரும் போய்ச்சேர முடியாத நிலையில் அவர்தான் அந்தச் சபையைத் தாங்கினார். 1944 ஜனவரி 25 அன்று பேராயர் ஹால் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். யுத்தம் முடிந்ததும் எதிர்ப்பு எழுந்தது, 1946ல் அவர் குருவாகப் பணிசெய்யும் உரிமத்தை விட்டுக்கொடுத்தார். இங்கிலாந்துத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க அதன்பின் 1994 ஆகவேண்டியிருந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013ல் புஷ்பா லலிதா பேராயரானார். இங்கேயே மெதடிஸ்ட் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கிறது. கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு 1994ல் போப் இரண்டாம் ஜான் பால் கதவு இல்லை என்றே சொல்லிவிட்டார்; 2021ல்தான் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் முறைப்படி திறந்தன. ஆகவே எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

லி டிம்-ஓயைப் பற்றி வாசித்தபோது எனக்கு என் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். ஜப்பானியர்கள் தாத்தாவையும் அந்த லயத்திலிருந்த, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்த, மற்ற ஆண்களையும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்த ஆண் யாரும் இல்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனப்பாடமாக இருந்த சங்கீதங்களைச் சொல்லி, மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, லயத்துத் திண்ணையில் அவர்தான் ஜெபம் நடத்தினார். அதிகம் சொன்னது 121ஆம் சங்கீதம், ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக.’ குழந்தைகளை அடக்கம் செய்தபோதும் அவர்தான் ஜெபித்தார் என்று அம்மா சொல்வார். தாத்தா உயிரோடு திரும்பி வந்தார், அநேகர் வரவில்லை. அதன்பிறகு ஜெபம் ஆண்களிடம் போனது. பாட்டி மறுபடியும் கடைசி வரிசை.

‘ஏற்ற துணை’ என்று ஏவாளைப் பற்றிச் சொல்லும் எபிரெயச் சொல்லும், 121ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடத்திலிருந்து வருகிற ‘ஒத்தாசை’யும் ஒரே சொல். துணை என்றால் கீழே இருப்பவள் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கர்த்தரையும் அப்படிச் சொல்வார்களா?

31 மார்ச் 2024, உயிர்த்தெழுந்த ஞாயிறு

விடியற்காலை ஆராதனை. லூக்கா 24 வாசித்தது நான், கீழ் மைக்கில். ‘இவர்களுடைய வார்த்தைகள் அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றினபடியினால், அவர்களை நம்பவில்லை’ என்ற இடம் வந்தபோது என் குரல் அடைத்துவிட்டது. கல்லறையிலிருந்து வந்த முதல் செய்தியைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். அதைக் கேட்டு நம்பாதவர்கள் அப்போஸ்தலர்கள்.

2 ஏப்ரல் 2024

நான் எழுதியவற்றில் ஒன்றைத் திருத்தவேண்டும், அது அம்மாவால் வந்த திருத்தம்.

அம்மாவுக்கு 81 வயது. இந்தக் குறிப்புகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டியின் கதைவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். தீமோத்தேயுவைப் பற்றி எழுதியதை வாசித்தபோது நிறுத்தச் சொன்னார்.

“12ஐப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய். 11ஐ ஏன் விட்டுவிட்டாய்?”

11ஆம் வசனம்: ‘ஸ்திரீயானவள் எல்லாவற்றிலும் அடக்கமுடையவளாயிருந்து, அமைதலோடு கற்றுக்கொள்ளக்கடவள்.’ அடக்கம், அமைதல் என்ற சொற்களைப் பார்த்ததும் நான் அதையும் எங்களுக்கு எதிரான வசனம் என்று ஒதுக்கியிருந்தேன்.

அம்மா சொன்னது இது. அவருக்குப் பத்து வயதானபோது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தாத்தா அவரைத் தோட்டத்துப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். மாதம் ஒருமுறை லயத்துக்கு வந்து பெண்களுக்கு வேதம் சொல்லும் வேத ஸ்திரீ ஒருவர், வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை, தாத்தாவிடம் வந்து வேதபுத்தகத்தைத் திறந்து அந்த வசனத்தைக் காட்டினாராம். “ஐயா, கற்றுக்கொள்ளக்கடவள் என்று இருக்கிறது. கற்றுக்கொண்டால் கொள்ளட்டும் என்று இல்லை. இது கட்டளை. நீங்கள் மீறலாமா?” தாத்தா பதில் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அம்மா மறுபடி பள்ளிக்குப் போனார். தம்பியைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். அம்மா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் இதை எழுதுகிறேன்.

“அப்படியானால் பீடத்தில் ஏறவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே இல்லையா, அம்மா?” என்று கேட்டேன்.

“தோன்றியது. கால் நன்றாக இருந்தபோது தோன்றியது.”

வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கீழ்ப்படிந்தே மனநிறைவாக இருந்தார் என்று இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிவந்தவள் நான். அவரிடம் கேட்டதே இல்லை.

ஆகவே, 9 மார்ச் குறிப்பில் அந்த அதிகாரத்தை 8, 9, 12 என்று எண்ணிக்கொண்டு போனவள் 11ஐத் தாண்டிவிட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

7 ஏப்ரல் 2024

மூப்பர்களுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தேன். பீடத்தைக் கேட்கவில்லை, பாஸ்டர் இல்லாத ஞாயிறுகளில் இறையியல் படித்த அந்தத் தங்கச்சியைச் செய்தி கொடுக்க அழைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தேன். கடிதத்தில் முதல் கையெழுத்து அந்த 22 வயதுத் தம்பியுடையது. தானாகவே வந்து போட்டான்.

இன்று ஆராதனைக்குப் பிறகு பதில் சொன்னார்கள். ஞாயிறு ஆராதனையில் இப்போதைக்கு இல்லை. 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவள் பேசலாம். கீழ் மைக்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சரி என்றாள். அம்மாவிடம் சொன்னேன், வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் சக்கர நாற்காலியோடு வரமுடியுமா என்று கேட்டேன். நாலு மணிக்கே கிளம்பிவிடலாம் என்றார். பிறகு, அவள் எந்த அதிகாரத்தை எடுக்கப்போகிறாள் என்று கேட்டுச் சொல், முந்தின நாளே வாசித்து வைக்கவேண்டும் என்றார்.